விற்ற பின்னும் விடாத கை

கணினி விளையாட்டுகளின் சரித்திரத்தை எழுதப் புகுவது தமிழாசிரியன் ஒருவனுக்கு ஏற்ற வேலைதானா என்று வாசகர் சிலர் வினவக்கூடும். காணி, மீன்பிடி, வேலையின்மை என்று மன்னார் மக்களை வாட்டும் பிரச்சினைகள் குவிந்து கிடக்கையில் இளைஞரின் பொழுதுபோக்குச் சரக்கு நமக்கு எதற்கு என்று சலித்துக்கொள்வோரும் இருப்பர். அவர்களுக்குச் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. உடைமை என்னும் பழைய கருத்து நம் கண்முன்னேயே உருமாறிக்கொண்டிருக்கிறது. விற்ற பொருள் வாங்கியவனுக்கே உரியது என்று சந்தைக்குச் செல்லும் சிறுவனும் அறிவான். அந்த எளிய நியதி சத்தமின்றிக் கைவிடப்படுவதை முதலில் தம் தோலில் உணர்ந்தவர்கள், காசு கொடுத்து விளையாட்டை வாங்கி, அது ஓட மறுத்ததைக் கண்டு கொதித்த பையன்கள்தாம்.

அக்கொதிப்பு அவர்களிற் சிலரை ஊர் பெயர வைத்தது. ஊர் என்று நான் கூறுவது இயங்குதளத்தை. கணினியின் எல்லாச் செயல்களுக்கும் அடிநிலமாக விளங்கும் மென்பொருள் அது. விண்டோஸ் என்னும் நிலம் மைக்ரோசொப்ட் கம்பனிக்குச் சொந்தம். லினக்ஸ் என்னும் நிலத்தை எவரும் உழலாம், எவரும் திருத்தலாம், எவரும் பிறருக்குக் கொடுக்கலாம். ஸ்டீம் என்னும் பெரிய விளையாட்டுக் கடை மாதந்தோறும் எடுக்கும் கணக்கில் 2025 ஒக்டோபரில் லினக்ஸில் விளையாடுவோர் முதன்முறையாக மூன்று வீதத்தைத் தாண்டினர். 2021க்கு முன் பல ஆண்டுகளாக அது ஒரு வீதத்துக்குக் கீழேயே கிடந்தது. நூற்றுக்கு மூன்று என்பது சிறிய தொகைதான். ஆனால் ஏறக்குறைய எல்லா விளையாட்டுகளும் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட உலகில், பழகியதை எல்லாம் துறந்து பெயர்வது சோம்பேறிகளின் காரியம் அன்று. பெயர்ந்தோர் யாவரும் பூட்டுக்கு வெறுத்தே பெயர்ந்தனர் என்று கூற மாட்டேன். ஆயினும் அந்தப் பூட்டின் கதையை அறியாமல் இந்தப் பெயர்ச்சியை விளங்கிக்கொள்ள இயலாது.

1976 பெப்ரவரியில், இருபது வயது நிரம்பிய பில் கேட்ஸ் அமெரிக்கக் கணினி ஆர்வலருக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதினார். தாமும் தம் கூட்டாளிகளும் உழைத்து ஆக்கிய அல்ட்டேர் பேசிக் என்னும் மென்பொருளைப் பலர் விலை கொடாமற் பிரதி எடுத்துக்கொள்கின்றனர், இது திருட்டு என்பது அதன் சாரம். அதுவரை கணினி ஆர்வலரிடையே மென்பொருள் என்பது சமையற்குறிப்புப் போலக் கைமாறி வந்தது. பொறிக்கு விலை உண்டு. அதை இயக்கும் அறிவுக்கு விலை வைக்க எவரும் அவ்வளவாக எண்ணியதில்லை. கேட்ஸின் முறையீட்டில் நியாயமே இல்லை என்று கூற முடியாது. உழைத்தவன் கூலி கேட்கிறான். ஆனால் அக்கடிதத்தின் உள்ளே வேறொரு செய்தி புதைந்திருந்தது. நெல்லையோ துணியையோ இருவர் ஒரே வேளையில் நுகர முடியாது. மென்பொருளை ஆயிரம் பேர் பிரதி எடுத்தாலும் மூலம் குறைவதில்லை. ஆயிரத்தோராவது பிரதிக்கு ஆகும் செலவு ஏறக்குறையப் பூச்சியம். அத்தகைய ஒன்றைச் சந்தைச் சரக்காக்க வேண்டுமானால் இல்லாத பஞ்சத்தை உண்டாக்கியாக வேண்டும். பூட்டு என்பது பஞ்சத்தை உற்பத்தி செய்யும் யந்திரம்.

இவ்விடத்தில் தமிழ் படித்தவனுக்கு நம் ஏடுகளின் நினைவு வராமற் போகாது. பனையோலையின் ஆயுள் சில நூற்றாண்டுக்கு மேல் இல்லை. செல்லும் புழுவும் ஈரமும் அதனைத் தின்னும். இரண்டாயிரம் ஆண்டுப் பாட்டுகள் நம் கைக்கு வந்தன என்றால், தலைமுறைக்குத் தலைமுறை யாரோ ஒருவர் எழுத்தாணி கொண்டு பெயர்த்தெழுதியதே காரணம். அவ்வாறு எழுதியோர் எவரிடமும் உரிமச் சீட்டு வாங்கவில்லை. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை ஊரூராக ஏடு தேடி 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது அவர் கையிற் கிடைத்தவை பிரதிக்குப் பிரதி எடுத்த பிரதிகளே. பிரதி செய்தலைக் குற்றமாக்கிய சமுதாயமாக நாம் இருந்திருப்போமாயின் பதிப்பிக்க அவருக்கு எதுவும் மிஞ்சியிராது.

விளையாட்டுக் கம்பனிகள் முதலிற் போட்ட பூட்டுகள் இன்று நினைத்தாற் சிரிப்பூட்டுபவை. எண்பதுகளில் விளையாட்டுகள் நாடாக்களிலும் நெகிழ்வட்டுகளிலும் விற்கப்பட்டன. 1985இல் பிரித்தானியாவில் லென்ஸ்லொக் என்று ஒன்று வந்தது. திரையில் எழுத்துகள் சிதைந்து தோன்றும். பெட்டியோடு தந்த பிளாஸ்டிக் கண்ணாடியை மடித்து வைத்துப் பார்த்தால் அவை சேரும். அதை வாசித்துத் தட்டினால்தான் விளையாட்டு தொடங்கும். எலைட் என்னும் புகழ்பெற்ற விளையாட்டின் முதற்றொகுதியில் ஒரு பகுதிப் பெட்டிகளுக்குள் வேறொரு விளையாட்டின் கண்ணாடியைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். வாங்கியவர் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தும் பயனில்லை. வேறு சில விளையாட்டுகள் கையேட்டின் இன்ன பக்கத்தில் இன்ன வரியில் உள்ள சொல் யாது என்று பரீட்சை வைத்தன. 1990இல் வெளிவந்த மங்கி ஐலண்ட் என்னும் கடற்கொள்ளையர் விளையாட்டில் அட்டைச் சக்கரம் ஒன்றைத் திருப்பிக் கொள்ளையன் முகத்தைப் பொருத்திச் சொன்னால்தான் அனுமதி. இவை தொல்லைதான், எனினும் இப்பூட்டுகளுக்கு ஒரு நற்குணம் இருந்தது. சாவி வாங்கியவன் கையிலேயே இருந்தது. பெட்டியைப் பத்திரமாக வைத்திருப்பவன் இருபது ஆண்டு கழித்தும் விளையாடலாம்.

சாவி கைமாறிய காலம் இந்த நூற்றாண்டின் தொடக்கம். 2001இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவியவர், இணையம் வழியாகவோ தொலைபேசி வழியாகவோ கம்பனியிடம் பதிந்து இயக்கம் பெறவேண்டும் என்று ஆயிற்று. அதேவேளை விளையாட்டு இறுவட்டுகளின் பூட்டுகள் கணினியின் உட்புறம் நோக்கி நகர்ந்தன. ஸ்டார்போர்ஸ் என்னும் ரஷ்யப் பூட்டு இயங்குதளத்தின் கருவறைக்குள்ளேயே தன் இயக்கியை அமர்த்தியது. விளையாட்டை அழித்தாலும் காவற்காரன் வீட்டை விட்டுப் போகவில்லை. விளையாடுவோரின் கூச்சல் தாங்காமல் யுபிசொப்ட் என்னும் பிரெஞ்சுக் கம்பனி 2006இல் அதனைக் கைவிட்டது. அதற்குச் சில மாதம் முன்னர், 2005 ஒக்டோபர் 31ஆந் திகதி, மார்க் ருசினோவிச் என்னும் கணினி வல்லுநர் இன்னும் பெரிய அக்கிரமத்தை வெளியிட்டார். சோனி பீஎம்ஜி கம்பனியின் இசைத்தட்டைக் கணினியில் இட்டால், பிரதி எடுப்பதைத் தடுக்கும் மென்பொருள் ஒன்று தன்னை மறைத்துக்கொண்டு உட்புகுந்தது. மறைவிடம் ஒன்று அமைந்தால் அதில் வேறு கள்வரும் ஒளிவர் அன்றோ? நச்சுநிரல் எழுதுவோர் அதே மறைவிடத்தைப் பயன்படுத்தத் தொடங்கினர். கம்பனி தட்டுகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. இதில் மற்றொரு வேடிக்கை: பிறர் உடைமையைக் காப்பதாகச் சொன்ன அம்மென்பொருளுக்குள் லேம் என்னும் கட்டற்ற மென்பொருளின் பகுதிகள், அதன் உரிம விதிகளை மதியாமற் சேர்க்கப்பட்டிருந்ததை ஆராய்ந்தோர் கண்டனர்.

காவற்காரனைப் பற்றி மன்னார்க் கரையோரத்தவர்க்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. அரிப்பு, சிலாபத்துறைக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் சிப்பிப் பார்கள் அரசின் ஏகபோகம். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் அராபியக் கரையிலிருந்தும் வந்த சுழியோடிகள் மூச்சைப் பணயம் வைத்து எடுத்த சிப்பிகளில், 1905 குளிப்பில் அவர்கள் பங்கு மூன்றில் ஒன்று; மீதி இரண்டும் ஆங்கில அரசாங்கத்துக்கு. 1803இல் வெளிவந்த ரொபர்ட் பெர்சிவலின் நூல், முத்தை விழுங்கியதாகச் சந்தேகிக்கப்பட்டவர்களை அடைத்துவைத்து வாந்தி மருந்தும் பேதி மருந்தும் கொடுத்த வழக்கத்தைக் குறிப்பிடுகிறது. உழைப்பவன் குடலைத் துழாவிய கண், கடலைத் துடைத்து எடுத்தவனை நோக்கித் திரும்பவில்லை. 1905இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டன. மறு ஆண்டு பார்கள் யாவும் இருபது ஆண்டுக் குத்தகைக்கு இலண்டன் கம்பனி ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டன. 1907க்குப் பின் குளிக்கச் சிப்பி இல்லை. 1925இல் நடந்ததே கடைசிக் குளிப்பு. கள்வனைப் பிடிக்க வைத்த காவல், கள்வனல்லாதவனையே நாள்தோறும் சோதிக்கும் காவலாக முடிவது இன்று நேற்றுத் தொடங்கியது அன்று.

2008 செப்டெம்பரில் ஸ்போர் என்னும் விளையாட்டை எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் கம்பனி வெளியிட்டது. வாங்கியவர் மூன்று முறைதான் அதனை நிறுவி இயக்கம் பெறலாம். அதன் பின் கம்பனியைத் தொலைபேசியிற் கெஞ்ச வேண்டும். கணினி பழுதாகி வன்தட்டு மாற்றினால் ஒரு முறை தீர்ந்தது. அமேசன் கடையின் பக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒற்றை நட்சத்திரம் இட்டுக் கண்டித்தனர். அவ்வாண்டு உலகில் மிகுதியாகத் திருட்டுப் பிரதி எடுக்கப்பட்ட விளையாட்டும் அதுவேதான். பூட்டு உடைக்கப்பட்ட பிரதியை விலையின்றி எடுத்தவன் எண்ணற்ற முறை நிறுவினான். விலை கொடுத்தவன் மூன்று விரலை எண்ணிக்கொண்டிருந்தான். 2010 மார்ச்சில் யுபிசொப்ட் ஒரு படி மேலே சென்றது. தனியே ஆடும் விளையாட்டாயினும் ஆடும் நேரம் முழுதும் இணையத் தொடர்பு இருக்கவேண்டும். தொடர்பு அற்றால் ஆட்டம் நிற்கும். அந்த மாதமே அக்கம்பனியின் சேவையகங்கள் தாக்குதலுக்கு உள்ளாயின; வாங்கியோர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

இந்தப் பூட்டுகளை வடித்தவர்கள் தம் மனத்தில் ஒரு மனிதனை வைத்து வடித்தார்கள். அவன் நிலையான வீட்டில் வாழ்பவன். அவன் வீட்டில் மின்சாரம் அணைவதில்லை. இணையம் குழாய்நீர் போல வருகிறது. கடன் அட்டை உண்டு. பத்தாண்டுக்கு முன் கொடுத்த முகவரி இன்னும் அவன் முகவரிதான். மன்னாரிலிருந்து பார்க்கும்போது அம்மனிதன் செவ்வாய்க் கிரகவாசி போலத் தோன்றுகிறான். 1990இல் தலைமன்னார்ப் புகையிரதம் நின்றது. 2015 மார்ச் 14ஆந் திகதிதான் மறுபடி ஓடியது. அதே 1990இன் ஒக்டோபரில் இம்மாவட்டத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுக் கைப்பையோடு புத்தளம் போய்ச் சேர்ந்தனர். தமிழ் மக்கள் போர் துரத்திய திசையெல்லாம் சிதறினர்; படகேறி இராமேசுவரக் கரையை அடைந்தோர் பலர். வீட்டுக் கதவுச் சாவியே தொலைந்துபோன மக்களிடம், முன்னர் வாங்கிய பெட்டியின் இருபத்தைந்து எழுத்துச் சாவியைக் கேட்கிறது அந்தப் பூட்டு. போர் ஓய்ந்த பின்னும் கேள்வி மாறவில்லை. 2020 டிசெம்பரில் மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனி என்னும் பெயரில் 30 காற்றாலைகள் திறந்துவைக்கப்பட்டன. அவற்றின் வலு சுமார் 100 மெகாவாட். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு. காற்று எங்களுடையது, வெளிச்சம் யாருடையது என்று கேட்ட கிழவர் ஒருவரின் பேச்சை நான் இங்கு விரிக்கப் போவதில்லை. மின்சாரம் திரும்பிய ஒரு மணித்தியாலத்தில் ஓடவேண்டிய விளையாட்டு, அந்நேரம் கோபுரத்தின் அலைவரிசை திரும்பாமையால் ஓடவில்லை என்பதே நம் பேச்சுக்கு வேண்டியது.

விலையைப் பற்றியும் கூறவேண்டும். 60 டொலர் விலையுள்ள விளையாட்டு 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 12,000 ரூபா. ரூபா சரிந்தபின் மே மாதத்தில் அதே விளையாட்டு 21,000 ரூபாவுக்கு மேல். விளையாட்டில் ஒரு பொம்மைகூடக் கூடவில்லை. மென்பொருள் வணிகரின் சர்வதேசக் கூட்டமைப்பு 2011இல் இலங்கையிற் பயன்படும் மென்பொருளில் நூற்றுக்கு 84 உரிமம் அற்றது என்று கணக்கிட்டு வருந்தியது. கம்பனிகளின் அந்தக் கணக்கு முறையைக் குறித்து ஐயங்கள் உண்டு. எனினும் நம் நகரக் கடைகளைக் கண்டவர் எவரும் அதை முற்றாக மறுக்க மாட்டார். இதனை ஒழுக்கக்கேடு என்று தலையில் அடித்துக்கொள்வது எளிது. போலந்து நாட்டின் அனுபவம் வேறொன்றைச் சொல்கிறது. தொண்ணூறுகளின் வார்சோச் சந்தைகளில் திருட்டுப் பிரதிகளே விற்பனை. சிடி புரொஜெக்ட் என்னும் சிறு கம்பனி 1999இல் பால்டர்ஸ் கேட் என்னும் விளையாட்டைப் போலிஷ் மொழியில் நல்ல நடிகர்களின் குரலோடு ஆக்கி, வரைபடமும் நூலும் சேர்த்து விற்றது. மக்கள் வாங்கினார்கள். தம் மொழியில், தமக்கென ஆக்கப்பட்ட பொருளுக்குக் காசு கொடுக்க அவர்கள் தயங்கவில்லை. அக்கம்பனியே 2008இல் பூட்டு எதுவும் இல்லாமல் பழைய விளையாட்டுகளை விற்கும் கடையைத் திறந்தது. கொக் என்னும் அக்கடை இன்றும் நடக்கிறது. தமிழ் பேசுவோர் தொகை போலிஷ் பேசுவோர் தொகையிலும் பெரிது. நம் மொழியில் அத்தகைய முயற்சி ஒன்றைச் செய்ய எந்தப் பெருங்கம்பனிக்கும் தோன்றவில்லை; நம்மைத் திருடர் பட்டியலிற் சேர்க்க மட்டும் தோன்றியது.

பூட்டின் கொடுமை அன்றாடத் தொல்லையோடு நிற்பதில்லை. சாவி வைத்திருப்பவன் கடையை மூடும் நாள் ஒன்று வருகிறது. 2015இல் மைக்ரோசொப்ட், சேவ்டிஸ்க் என்னும் பழைய பூட்டின் இயக்கி ஆபத்தானது என்று கண்டு விண்டோஸ் 10இல் அதற்கு இடமில்லை என்றது. முந்திய பதிப்புகளிலும் அதனை முடக்கியது. பாதுகாப்பு நோக்கிற் சரியான முடிவு. ஆனால் அப்பூட்டுடன் விற்கப்பட்ட இறுவட்டுகள் அனைத்தும் ஒரே நாளிற் கண்ணாடித் தட்டுகளாயின. 2024 மார்ச் 31இல் யுபிசொப்ட் த குரூ என்னும் மகிழுந்துப் பந்தய விளையாட்டின் சேவையகத்தை நிறுத்தியது. வாங்கியவர் எவரும் இனி அதனை ஆட முடியாது. அமெரிக்காவில் விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023இற் செய்த ஆய்வில், 2010க்கு முன் அங்கு வெளியான பழைய விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 சந்தையிற் கிடைப்பதே இல்லை என்று தெரியவந்தது. புத்தகங்களுக்கும் இக்கதி வாராது என எண்ண வேண்டாம். 2009 ஜூலையில் அமேசன் கம்பனி, தன் கின்டில் கருவியில் வாசகர் வாங்கி வைத்திருந்த நூல்களை உரிமைச் சிக்கல் காரணமாக அவர்கள் அறியாமல் அழித்தது. அவை ஜோர்ஜ் ஓர்வெல்லின் நூல்கள் என்பதைக் கதாசிரியர் எவரும் துணிந்து கற்பனை செய்திருக்க மாட்டார்.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவை அன்றோடு ஒழிந்தன. எங்கோ ஒரு வீட்டு அலுமாரியிற் பிரதி கிடந்தவை மீண்டன. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இலக்கமுறையிற் பிரதி செய்து எல்லார்க்கும் திறந்து வைப்பது இந்தப் பாடத்தைக் கற்றதனால்தான். ஒரே இடத்தில், ஒருவன் கையில் மட்டும் உள்ள பொருளுக்கு என்ன நேரும் என்பதை நம்மவரைவிட அறிந்தவர் யார்? விளையாட்டு இலக்கியம் அன்று என்று சொல்லலாம். நாடகமும் ஒருகாலத்திற் கூத்தாடிகளின் சேட்டை என்று ஒதுக்கப்பட்டதே. 1993இல் வெளியான டூம் என்னும் விளையாட்டின் மூலநிரலை அதனை ஆக்கியோர் 1997 டிசெம்பரில் ஊரறிய வெளியிட்டனர். இன்று அது ஓடாத யந்திரம் இல்லை.

இனி அந்த மாற்று நிலத்தின் கதை. 1983 செப்டெம்பரில் ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்னும் அமெரிக்கர், எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய முழு இயங்குதளம் ஒன்றை எழுதப் போவதாக அறிவித்தார். 1991 ஆகஸ்டில் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வல்ட்ஸ் அதன் நடுப்பகுதியாக அமைந்த லினக்ஸை அறிவித்தார். உலகெங்கும் முகமறியாதோர் கூடி அதனை வளர்த்தனர். நம் நாட்டவரும் பின்நிற்கவில்லை: 2004 டிசெம்பர்க் கடற்கோளின்போது காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிய இலங்கைத் தொண்டர்கள் எழுதிய சகானா என்னும் கட்டற்ற மென்பொருள் பின்னர்ப் பல நாடுகளின் பேரிடர்களிற் பயன்பட்டது. ஆனால் விளையாடுவோனுக்கு அந்நிலம் நெடுங்காலம் பாலைதான். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் என்னும் முயற்சி 1993இல் தொடங்கியது, முடியாத வேலை. 1998இற் பிறந்த லோக்கி என்னும் சிறு கம்பனி விளையாட்டுகளை முறையாக லினக்ஸுக்குப் பெயர்த்து விற்றது. நான்கு ஆண்டிற் கடன் அதனை விழுங்கியது.

பாலை துளிர்த்த விதம் வேடிக்கையானது. மேற்சொன்ன ஸ்டீம் கடையின் உரிமையாளர் வால்வ் என்னும் கம்பனி. ஸ்டீம் தானே ஒரு பூட்டுத்தான். 2004இல் ஹாவ் லைஃப் இரண்டாம் பாகத்தைப் பெட்டியில் வாங்கியவரும் ஸ்டீமிற் பதிந்தே ஆடமுடிந்தது. 2012இல் விண்டோஸ் 8, தனக்கென்று ஒரு கடையோடு வந்தது. நிலக்கிழார் தானே கடை திறந்தால் குத்தகைக் கடைக்காரன் கதி என்னாகும்? வால்வின் தலைவர் கேப் நியூவெல் விண்டோஸ் 8ஐப் பேரழிவு என்றே வருணித்தார். 2013 பெப்ரவரியில் ஸ்டீம் லினக்ஸில் இறங்கியது. 2018 ஆகஸ்டில், வைனை மேம்படுத்திய புரோட்டன் வந்தது. 2022 பெப்ரவரியில் லினக்ஸில் இயங்கும் ஸ்டீம் டெக் என்னும் கைக்கருவி விற்பனைக்கு வந்தது. இருபத்தைந்து ஆண்டுத் தொண்டர் உழைப்பின்மேல் ஒரு கம்பனியின் பணம் சேர்ந்தபோது ஆயிரக்கணக்கான விண்டோஸ் விளையாட்டுகள் லினக்ஸில் ஓடின. இரண்டு முதலாளிகளின் சண்டையில் பொதுச்சொத்து ஒன்று செழித்தது. சரித்திரத்தில் இது முதல்முறையும் அன்று.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் இதனை எவ்வாறு வரவேற்பது என்று குழம்பினர். விண்டோஸை விட்டு வருவோர் ஓரளவு விடுதலை பெறுவர் என்பதை ஸ்டோல்மன் 2012இலேயே ஏற்றுக்கொண்டார். ஆனால் பூட்டிய விளையாட்டை விடுதலை நிலத்திற் குடியேற்றுவது விடுதலையின் பொருளையே மறக்கச் செய்யும் என்றும் எச்சரித்தார். பிந்திய நிகழ்ச்சிகள் அவரது அச்சத்துக்கு வலுச் சேர்த்தன. டெனுவோ என்னும் புதிய பூட்டு, புரோட்டனின் பதிப்பை மாற்றிப் பார்த்தவனை வேறுவேறு கணினிக்காரன் என்று தப்பாக எண்ணி, வாங்கியவனையே ஒரு நாள் வெளியே நிறுத்தியது. 2024 மேயில் லீக் ஒவ் லெஜெண்ட்ஸ் விளையாட்டுக்கு வான்கார்ட் என்னும் காவல் வந்தது. அது விண்டோஸின் கருவறைக்குள் அமர்வது. லினக்ஸில் ஆடியோர் அன்றே வெளியேற்றப்பட்டனர். அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸும் லினக்ஸுக்குக் கதவடைத்தது. பிரதியைத் தடுக்க அல்ல, ஏமாற்றி ஆடுவோரைத் தடுக்கவே இது என்கின்றனர். உள்நோக்கம் எதுவாயினும், உன் யந்திரத்தின் கருவறைச் சாவியைத் தா என்ற கோரிக்கை பழையதே.

பூட்டின்றேல் விளையாட்டை ஆக்கும் தொழிலாளி எப்படிப் பிழைப்பான் என்ற வாதத்தை நேர்மையாக எதிர்கொள்ளத்தான் வேண்டும். அவன் உழைப்புக்கு விலை உண்டு. அதனைக் கொடுப்பது வாங்குபவன் கடமை. ஆனால் பூட்டு யாரைக் காக்கிறது? 2023 ஒக்டோபரில் மைக்ரோசொப்ட் 6,870 கோடி டொலர் அளவுக்கு அக்டிவிஷன் பிளிசார்ட் கம்பனியை வாங்கியது. மூன்று மாதம் கழிந்து, 2024 ஜனவரியில், தன் விளையாட்டுப் பிரிவிலிருந்து 1,900 பேரை வேலைநீக்கம் செய்தது. அவர்கள் எழுதிய நிரலுக்குப் பூட்டு உண்டு. எழுதிய கைகளுக்குக் காவல் இல்லை.

சட்டம் மெல்ல அசைகிறது. கலிபோர்னியாவில் 2024 செப்டெம்பரில் நிறைவேறிய சட்டம், இலக்கமுறைப் பொருளை விற்போர் தாம் உரிமத்தையே தருகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. பறிப்பதைத் தடுக்கவில்லை, பறிக்கப்படலாம் என்று முன்கூட்டி அறிவிக்கச் செய்கிறது. த குரூ மூடப்பட்ட பின் ஐரோப்பாவில் எழுந்த இயக்கம் விளையாட்டுகளைக் கொல்லாதே என்று கேட்டு 2025 ஜூலைத் தொடக்கத்தில் பத்து இலட்சம் கையெழுத்தைத் தாண்டியது. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளைப் பாதுகாக்கும் படைப்பாக ஏற்கிறது. விலை கொடுத்து வாங்கியவன் சேவையகம் மூடிய பின் என்ன செய்வான் என்ற கேள்வியை நம் சட்டமன்றம் இன்னும் தனக்கே கேட்டுக்கொள்ளவில்லை.

2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகள் நம் பாடசாலைகளில் வரிசையாக நிற்கின்றன. நான் கற்பிக்கும் பாடசாலையில் அவற்றுள் நான்கில் உயர்தர மாணவர் லினக்ஸை ஏற்றிக் கம்பியால் ஒன்றோடொன்று இணைத்துள்ளனர். ஸீரோ ஏடி என்னும் கட்டற்ற விளையாட்டில் மௌரியர் படையும் கார்த்தேஜ் படையும் இணையமின்றியே மோதுகின்றன. சாவி கேட்பார் இல்லை. மூலநிரல் திறந்திருப்பதால் சொற்களைத் தமிழாக்கவும் அவர்கள் தொடங்கியிருக்கிறார்கள். குந்தமெறியும் குதிரைவீரனுக்குத் தக்க சொல் யாதென்று என்னிடம் வந்தனர். நான் சங்கச் சொல் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அது நீளமாயிருக்கிறது, பொத்தானுக்குள் அடங்காது என்று திருப்பித் தந்துவிட்டார்கள், வேறொன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.